டல்லஹாச்சி கவுண்டியின் சாலையோர வரலாற்றுப் பலகைகள்: வார்ப்பா, தகடா, குண்டு துளைக்காததா?

(ஐந்து பேர் புனைபெயரில் பேசும் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் பெயர்.)

ஆற்றுவளைவு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா என்னும் வட்டாரத்தில், டல்லஹாச்சி ஆற்றங்கரையில் கிராபால் லேண்டிங் என்று ஓர் இடம். கிளென்டோரா ஊருக்குப் பக்கம், கப்பிச் சாலையில் உள்ளே போக வேண்டும். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கருப்பினப் பையன் எம்மெட் டில்லை வெள்ளையர்கள் கொன்று ஆற்றில் போட்டார்கள். 1955 ஆகஸ்ட் 31 அன்று உடல் கிடைத்தது. அதைச் சொல்லும் பலகை இங்கே நிற்கிறது.

இப்போது நிற்பது நான்காவது பலகை. முதலாவதை 2008-ல் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். இரண்டாவதில் 317 குண்டுத் துளைகள். மூன்றாவதை 2018 ஜூனில் நட்டார்கள், 35 நாளில் அதையும் சுட்டார்கள். 2019 அக்டோபரில் நட்ட நான்காவது 500 பவுண்டுக்கு மேல் எடை, கடினப்படுத்திய எஃகு.

ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பலகை வைக்க வேண்டும் என்றால் என்ன பொருளில் செய்வது, எங்கே நடுவது, என்ன எழுதுவது? இந்த மூன்றையும் இந்த இடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசலாம். பொதுவாகச் சொன்னால் பயனில்லை, அளவுகளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

வார்ப்புமணல்

முதலில் பொருள். தெற்கு மாநிலச் சாலைகளில் நாம் பார்க்கும் பெரும்பாலான பலகைகள் மணல் அச்சில் வார்த்த அலுமினியம். ஒஹையோவின் மரியெட்டாவில் இருக்கும் சீவா ஸ்டுடியோஸ் 1927 முதல் இதைத்தான் செய்கிறது. நிறுவியவர் பெயர் ஹாஸ். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் சீவா. வர்ஜீனியா தன் சாலையோரப் பலகைகளைத் தொடங்கியதும் அதே 1927-ல்தான்.

வேலை இப்படி நடக்கும். பலகை அளவுக்கு ஒரு மாதிரித் தட்டு. அதன்மேல் ஒவ்வொரு எழுத்தையும் கையால் அடுக்கி ஒட்டுவார்கள். அதை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் எழுத்துகள் குழியாகப் பதியும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கும் மேலே சூடேற்றித்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூலை நிரம்புவதற்குள் உறைந்து எழுத்தின் வால் அரைகுறையாக நிற்கும். ஆறியதும் மணலை உடைத்து, பிசிறு தேய்த்து, பின்னணிக்குப் பெயிண்ட் அடித்து, கடைசியில் எழுத்தின் முகத்தில் மட்டும் உருளையால் வேறு நிறம் ஏற்றுவார்கள்.

எழுத்து அதே உலோகத்தின் மேடு என்பதுதான் இதன் பலம். பெயிண்ட் முழுக்கப் போனாலும் விரலால் தடவிப் படிக்கலாம். 60, 70 வருடம் நின்றவை ஏராளம்.

பலவீனமும் அங்கேயேதான். வார்ப்பு அலுமினியம் வளையாது, உடையும். கார் மோதினால் கம்பத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும். குண்டுக்கும் தாங்காது. ஜார்ஜியாவின் லௌண்ட்ஸ் கவுண்டியில் 2010-ல் நட்ட மேரி டர்னர் பலகை வார்ப்புதான். 1918-ல் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கும்பல் கொன்ற பெண் அவர். அந்தப் பலகையைப் பலமுறை சுட்டார்கள், 2020-ல் வண்டியை விட்டு மோதினார்கள், கடைசியில் எடுத்தே விட்டார்கள். ஆகவே "வார்ப்பில் செய்தால் தாங்கும்" என்று யாரும் நம்பிவிட வேண்டாம். மழை, வெயில், காலம் இந்த மூன்றுக்கும் அது தாங்கும். மனிதன் வேண்டுமென்றே செய்வதற்குத் தாங்காது.

சாலையோரம்

பொருளை விட இடம் முக்கியம் என்பது என் கருத்து. கணக்கைப் பாருங்கள்.

சாலைப் பலகைகளுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவுகோல், எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் 30 அடி தூரத்தில் படிக்கலாம் என்பது. வரலாற்றுப் பலகையின் உடல் எழுத்து கிட்டத்தட்ட ஓர் அங்குலம்தான். 55 மைல் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 80 அடி கடக்கிறது. அப்படியானால் படிக்கக் கிடைக்கும் நேரம் அரை நொடி கூட இல்லை. பலகையிலோ நூறு வார்த்தை. நின்று படித்தால் அரை நிமிடம் ஆகும்.

ஓடும் காரிலிருந்து தலைப்பைத் தவிர எதையும் படிக்க முடியாது. எனவே வண்டியை ஒதுக்கி நிறுத்த இடம் இல்லாத ஓரத்தில் பலகை நட்டால் அது யாருக்கும் பயன்படாது, நிறுத்த முயல்பவருக்கு ஆபத்தும் கூட. சரியான இடத்துக்கு நான் பார்ப்பவை:

- இரண்டு கார் நிற்கும் அளவுக்குக் கப்பி போட்ட ஒதுக்கிடம். வளைவிலும் பாலத்தை ஒட்டியும் இருக்கக் கூடாது
- பலகையின் முகம் சாலையைப் பார்க்காமல், நிற்கப்போகும் ஆளைப் பார்க்க வேண்டும்
- மதிய வெயில் நேராக முகத்தில் விழாத திசை. பெயிண்ட் வெளுப்பது பெரும்பாலும் தெற்கு முகத்தில்
- சாலையிலிருந்து தடம் புரளும் வண்டி வந்து சேரும் தூரத்துக்கு வெளியே. அதற்குள்ளே நட்டே ஆக வேண்டும் என்றால் மோதினால் முறிந்து விழும் வகைக் கம்பம்தான் வைக்க வேண்டும்

அனுமதி யாரிடம் வாங்குவது என்பது சாலையைப் பொறுத்தது. மாநில நெடுஞ்சாலை நிலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. கவுண்டிச் சாலை என்றால் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு. மிசிசிப்பியில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து மேற்பார்வையாளர்கள், பேச்சில் அவர்கள் பகுதியை "பீட்" என்பார்கள். ஒப்புதலை வாய்வார்த்தையாக விடாதீர்கள், குழுவின் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஆள் மாறினாலும் குறிப்பு இருக்கும்.

ஆற்றுவளைவு

கணக்கு சரி. ஆனால் கிராபால் லேண்டிங் நெடுஞ்சாலை ஓரம் இல்லையே. அங்கே வழியில் போகிறவர் யாரும் நிற்பதில்லை, தேடி வருகிறவர்தான் வருவார். வீடு எதுவும் கண்ணுக்கெட்டவில்லை. வேகப் பிரச்சினை அங்கே இல்லை, தனிமைதான் பிரச்சினை. சுடுகிறவனுக்கும் அதே தனிமைதான் வசதி.

சாலையோரம்

ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு பலகை யோசிக்கலாம். ஆள் நடமாட்டம் உள்ள சாலைச் சந்திப்பில் முழு விவரம், ஆற்றங்கரையில் சுருக்கமாக ஒன்று. கரைப் பலகை போனாலும் செய்தி ஊரில் நிற்கும்.

களிமண்

நடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. டெல்டாவில் பாதிப் பலகைகள் சாய்ந்து நிற்பதற்குக் காரணம் மண். அங்கே கரும் களிமண், ஊர்க்காரர்கள் "பக்‌ஷாட்" என்பார்கள். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். கம்பத்தை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிச் சாய்த்துவிடும்.

1. தோண்டுவதற்குச் சில வேலை நாள் முன்பே 811-ஐ அழையுங்கள். நிலத்தடி எரிவாயு, தொலைபேசிக் குழாய்களை வந்து குறித்துவிட்டுப் போவார்கள். கட்டணம் இல்லை. கிராமம்தானே என்று விட்டுவிடாதீர்கள், கண்ணாடி இழைக் கேபிள் வயல் ஓரமாகத்தான் போகும்.

2. குழி 12 அங்குல விட்டம், 36 அங்குல ஆழம். அடிப்பகுதியை மேற்பகுதியை விட அகலமாகக் குடையுங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தோண்டினால் ஊதும் மண் கான்கிரீட்டின் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளும். பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான்.

3. அடியில் 4 அங்குலம் உடைகல் போடுங்கள். கம்பத்தின் உள்ளே சேரும் நீர் வெளியேற வழி வேண்டும்.

4. கம்பத்தின் அடியிலிருந்து சுமார் 6 அங்குலத்துக்கு மேலே குறுக்காகத் துளையிட்டு அரை அங்குலக் கம்பி ஒன்றைச் செருகுங்கள். பலகையைப் பிடித்துத் திருகினாலும் சுழலாது, பிடுங்கவும் முடியாது.

5. அலுமினியக் கம்பம் என்றால் மண்ணுக்குள் போகும் பகுதிக்கும், தரை மட்டத்துக்கு மேல் 2 அங்குலத்துக்கும் தார் பெயிண்ட் அடியுங்கள். ஈரக் கான்கிரீட்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும்.

6. 80 பவுண்டு மூட்டை ஒன்று கலந்தால் 0.6 கன அடி வரும். இந்தக் குழிக்கு, கல்லும் கம்பமும் பிடிக்கும் இடம் போக, நாலு மூட்டை போதும். அடியைக் குடைந்திருந்தால் ஐந்தாவது மூட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. மேல் முகத்தைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே கொண்டுவந்து, கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். குழிவாக விட்டால் அங்கே நிற்கும் நீர்தான் முதல் எதிரி.

பலகையை அன்றே மாட்டாதீர்கள். கம்பத்தை மட்டும் இரண்டு பக்கமும் மரச்சட்டம் கொடுத்துத் தூக்குக் குண்டு பார்த்து நிறுத்தி, ஏழு நாள் விடுங்கள். கனமான தலையைப் பச்சைக் கான்கிரீட்டின் மேல் ஏற்றிய கம்பம் முதல் காற்றிலேயே அரை டிகிரி சாயும், பிறகு அதை நிமிர்த்தவே முடியாது.

வார்ப்புமணல்

களிமண் சொன்னதோடு ஒன்று: தலையைக் கம்பத்தோடு இணைக்கும் திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், சாதாரணத் துத்தநாகம் பூசிய இரும்பு வேண்டாம். பூச்சு போனதும் இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி, கழற்ற வேண்டிய நாளில் கழலாது. இழையில் பிடிப்புத் தடுக்கும் பசை தடவுங்கள். திருடுவதைத் தடுக்க, தனிச் சாவி இருந்தால் மட்டுமே திரும்பும் தலை கொண்ட திருகு கிடைக்கிறது. சாவியை யார் வைத்திருக்கிறார் என்று எழுதி வையுங்கள். சாவி தொலைந்துபோய், பழுதுபார்க்கக் கம்பத்தையே அறுக்க வேண்டிவந்த பலகைகள் உண்டு.

பழையஏடு

எழுத்துக்கு வருவோம். நூறு வார்த்தைக்குள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் உலோகத்தில் நிற்கப்போகிறது. தவறினால் திருத்த முடியாது, மறுபடி வார்க்கத்தான் வேண்டும்.

டில் கொலை வழக்கு நடந்த சம்னர் ஊர் நீதிமன்ற வளாகத்தில் மாநிலம் நட்ட பலகையை அருகில் நின்று படித்துப் பாருங்கள். உச்சியில் மக்னோலியாப் பூ, மிசிசிப்பிப் பலகைகளுக்கே உரிய அடையாளம். கீழே நாலைந்து வாக்கியம்தான். 14 வயது, கருப்பினச் சிறுவன், சிகாகோ, உடல் கிடைத்த ஆறு. பிறகு ஐந்து நாள் விசாரணை, இந்தக் கட்டடம், முழுக்க வெள்ளையர்களான நடுவர் குழு, விடுதலை செய்யப்பட்ட இருவர் ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மிலம் என்று பெயரோடு. பிறகு அந்த இருவரும் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் கொலையை ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் நாடு முழுக்க அது ஏற்படுத்திய விளைவு. ஒரு பெயரடை கூட அலங்காரத்துக்கு இல்லை. அதே புல்வெளியில் கூட்டமைப்புப் படைவீரனின் (உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் படை) சிலையும் நிற்கிறது என்பதை நினைத்தால் இந்த நாலைந்து வாக்கியத்தின் பாரம் புரியும்.

பலகை எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது வினைச்சொல்லில். "உயிரிழந்தார்" என்று எழுதினால் கொன்றவன் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறான். "கொன்றார்கள்" என்றால் யார் என்ற கேள்வி அடுத்த சொல்லிலேயே நிற்கும். தமிழில் சொல்லிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது அல்லவா, ஆங்கிலப் பலகைகளிலும் இதே நழுவல்தான். கவுண்டிக் குழு முன் வாசகம் போகும்போது முதலில் மாற்றச் சொல்வதும் இந்த இடத்தைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது "இங்கே". கிராபால் லேண்டிங்கில் "இங்கே கொல்லப்பட்டான்" என்று எழுதினால் அது பொய். கொன்றவர்கள் 1956 ஜனவரியில் பத்திரிகைக்குச் சொன்ன கதையில் கொலை ஆற்றங்கரையில் நடந்ததாக வரும். ஆனால் 1955 விசாரணையிலேயே வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர், சன்ஃப்ளவர் கவுண்டியில் ட்ரூ ஊருக்கு அருகிலிருந்த கொட்டகைக்குள்ளிருந்து அடி விழும் சத்தமும் அலறலும் கேட்டதாகச் சாட்சி சொன்னார். அந்த இளைஞர் எந்தச் சூழலில் வாய் திறந்தார் என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் அங்கே கூட இருந்த மற்றவர்களும் சேர்ந்து மறைந்துவிடுவார்கள். பல பத்தாண்டு எல்லாரும் அந்தப் பேட்டியையே ஆதாரமாக எடுத்தார்கள். உடலை எடுத்த துல்லியமான இடம் பற்றியும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் கரைப் பலகையில் "இந்த ஆற்றில்" என்பது வரை போகலாம், "இந்த இடத்தில்" என்பதற்குப் போகக் கூடாது.

ஆற்றுவளைவு

ஆவணத்தை எங்கே தேடுவது என்றும் சொல்லிவிடுங்கள்.

பழையஏடு

மிசிசிப்பியில் நிலப் பத்திரங்கள் சான்செரி கிளார்க் அலுவலகத்தில் இருக்கும், குற்ற வழக்குக் கட்டுகள் சர்க்யூட் கிளார்க்கிடம். டல்லஹாச்சியில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கவுண்டிக்கு இரண்டு தலைநகர்கள், சார்ல்ஸ்டன், சம்னர். நீதி மாவட்டமும் இரண்டு. ஒரு வயலின் பத்திரம் சார்ல்ஸ்டனில் கிடைக்கவில்லை என்றால் பத்திரமே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், சம்னரில் தேடுங்கள்.

டில் வழக்கின் விசாரணைப் பதிவே நெடுநாள் காணாமல் இருந்தது. 2004-ல் எஃப்.பி.ஐ. வழக்கை மறுபடி திறந்தபோதுதான் ஒரு நகல் கிடைத்தது. அதற்கு முன் எழுதிய வாசகங்களை இன்று அப்படியே எடுத்துப் போடுவது சரியல்ல.

வாசகத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அதே காலத்தைச் சேர்ந்த ஓர் ஆவணத்தின் நகலை வைத்து ஒரு கோப்பு தயாரியுங்கள். நினைவுக் குறிப்பும் ஊர்ப் பேச்சும் வழி காட்டும், வாக்கியத்தைத் தாங்காது. "வடக்கே 200 கஜத்தில்" போன்ற சொற்களையும் தவிருங்கள். சாலையை நேராக்கிப் பலகையை நகர்த்தியதும் அது தவறாகிவிடும்.

களிமண்

குண்டு துளைக்காத பலகை பற்றி எனக்கு முழு உடன்பாடு இல்லை. 10,000 டாலருக்கு மேல் ஆனது. அந்தத் தொகையில் சாதாரணப் பலகை பல வைக்கலாம். சுட்டால் மாற்றுவோம், மறுபடி சுட்டால் மறுபடி மாற்றுவோம் என்பதும் ஒரு பதில்தானே.

ஆற்றுவளைவு

மூன்று முறை அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பலகை இல்லாமல் அல்லது துளைத்த நிலையில் மாதங்கள் கழிந்தன. 2019-ல் பல்கலைக்கழக மாணவர் மூவர் துப்பாக்கியோடு அந்தத் துளைத்த பலகை அருகே நின்று எடுத்துக்கொண்ட படம் வெளியானது. துளைத்த பலகை நிற்க நிற்க அது சுட்டவனுக்கே நினைவுச்சின்னமாகிறது. அந்தப் பையனின் உறவினர்கள் அங்கே வந்து நிற்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 317 துளை விழுந்த இரண்டாவது பலகையை 2021-ல் வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதற்குரிய இடம் அதுதான்.

வார்ப்புமணல்

எஃகுப் பலகை வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்கு எடைக் கணக்கு. எஃகு ஒரு கன அடிக்கு 490 பவுண்டு. அரை அங்குலத் தகடு சதுர அடிக்கு 20.4 பவுண்டு. 3 அடிக்கு 4 அடிப் பலகை தகடு மட்டுமே 245 பவுண்டு. ஒற்றைக் கம்பத்தில் இது நிற்காது, இரண்டு கால் வேண்டும், களிமண் சொன்ன நாலு மூட்டையும் போதாது. அடித்தளத்தைப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

சுடும் இலக்குக்குப் பயன்படுத்தும் ஏஆர்500 வகைக் கடின எஃகு வேண்டும். அதில் சாதாரணமாக வெல்டிங் செய்தால் சூடுபட்ட இடம் மென்மையாகிவிடும், போல்ட் முறையே நல்லது. தகட்டை நேர் செங்குத்தாக வைக்காமல் மேல் விளிம்பு கொஞ்சம் முன்னால் சாயும்படி வைத்தால் சிதறும் ஈயத்துண்டு தரைக்குப் போகும்.

முன்னால் பாலிகார்பனேட் (கண்ணாடி போலத் தெரியும் கெட்டி பிளாஸ்டிக்) போட்டால் துளைகளைப் போல்ட்டை விடப் பெரிதாக இடுங்கள். 50 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் 4 அடி நீளத்துக்கு எஃகை விட 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கி மாட்டினால் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரமாக விரிசல் விடும். புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு உள்ள முகம் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சளாகும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் கூடவே கூடாது.

சாலையோரம்

எஃகு மட்டும் காப்பாற்றவில்லை. நான்காவது பலகையோடு கேமராவும் எச்சரிக்கை ஒலியும் வைத்தார்கள். நட்ட சில வாரத்தில் வெள்ளை இனவாதக் குழு ஒன்று அங்கே வந்து காணொளி எடுத்தது, ஒலி எழுந்ததும் ஓடினார்கள். 2023 ஜூலையில் அந்த இடமும் சம்னர் நீதிமன்றமும் தேசிய நினைவிடமாகின. இதெல்லாம் எல்லாப் பலகைக்கும் கிடைக்காது.

பழையஏடு

லெஃப்ளோர் கவுண்டியின் மனி ஊரில் ராய் பிரையன்ட்டின் மளிகைக்கடை முன் 2011-ல் நட்ட பலகையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு முகம் வார்ப்பு, மறுமுகம் படங்களோடு வினைல் ஒட்டு. 2017-ல் அந்த வினைலை உரித்துப் போட்டார்கள். படம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் சாலையோரத்தில் நகத்தால் உரிக்க முடிகிற எதுவும் உரிக்கப்படும். படம் அவசியம் என்றால் விளிம்பை உலோகச் சட்டத்துக்குள் செருகுங்கள், கூடவே அச்சுக்கோப்பைப் பத்திரமாக வைத்து மாற்று ஒட்டு ஒன்றை முதலிலேயே அடித்து வையுங்கள்.

களிமண்

பழைய வார்ப்புப் பலகைக்குப் பெயிண்ட் அடிப்பதைக் கேட்கிறவர்கள் அதிகம். முதலில் யாருடைய பலகை என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1978-க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சோதனைக் குச்சியால் பார்க்காமல் உலர்த் தேய்ப்பு வேண்டாம். கழுவ மென்சோப்பும் நைலான் தூரிகையும். கம்பித் தூரிகை போட்டால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த மழைக்குத் துருப்புள்ளி காட்டும். வெறும் உலோகம் தெரியும் இடங்களுக்கு மட்டும் அலுமினியத்தைப் பிடிக்கும் பிரைமர், மேலே பின்னணி நிறம் மெல்லியதாக இரண்டு பூச்சு.

வார்ப்புமணல்

எழுத்துக்குப் பஞ்சு உருளை வேண்டாம், இடைவெளிக்குள் இறங்கிவிடும். அச்சுக்குப் பயன்படும் கெட்டி ரப்பர் உருளை, 3 அங்குலம் போதும். பெயிண்டைக் கண்ணாடித் துண்டில் பரப்பி உருளையை அதில் பலமுறை ஓட்டி, மெல்லிய படலம் மட்டும் ஏற்றுங்கள். உருளையைப் பலகைக்குத் தட்டையாகப் பிடித்து, அழுத்தாமல், ஒரே திசையில். அழுத்தினால் "அ" போல உள்ளே வெற்றிடம் உள்ள எழுத்துகள் எந்த மொழியிலும் அடைபடும், ஆங்கிலத்தில் "e", "a" இரண்டும் முதலில் போகும். வழிந்த இடத்தை உடனே துடைக்காதீர்கள், இழுபடும். உலர்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் பின்னணி நிறத்தைத் தொட்டு மூடுங்கள்.

ஆற்றுவளைவு

புல் வெட்டும் டிராக்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் அதிகப் பலகைகளைக் கெடுப்பது அதுதான்.

சாலையோரம்

கம்பத்தைச் சுற்றி மூன்று அடி ஆரத்துக்குப் புல்லை எடுத்து, துணி விரித்து, 3 அங்குலம் கப்பி போடுங்கள். டிராக்டர் ஓட்டுநர் கம்பத்தை ஒட்டி வர வேண்டிய தேவையே இருக்காது. களைக்கொல்லி தெளிப்பதை விட இது நல்லது, வெறும் மண்ணானால் களிமண் இன்னும் பிளக்கும். அந்தப் பீட்டின் சாலைப் பணியாளர்களுக்குப் பலகையின் இடத்தைக் குறித்த வரைபடத்தை மார்ச் மாதத்துக்குள், புல் வளரும் முன்பே கொடுத்துவிடுங்கள். அதே தாளில் நாலு பக்கப் படம், ஆயத்தொலைவு, எந்தத் திசை நோக்கி நிற்கிறது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கட்டும். ஒரு நகல் மேற்பார்வையாளர் அலுவலகத்துக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு.